தருமபுரி, கிருஷ்ணகிரியில் இரண்டு நாள்: பார்க்க வேண்டியதும் சாப்பிட வேண்டியதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு இரவு ஊர் திரும்புகிறவர்களுக்காக எழுதியது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பக்கத்து நல்ல சாப்பாடு எல்லாமே நேரத்துக்குக் கட்டுப்பட்டது. களி மத்தியானத்தில்தான் சூடாகக் கிடைக்கும். பிரியாணிக்குத் தம் உடைக்கும், அதாவது மூடி வேகவைத்த சட்டியைத் திறக்கும் நேரம் முக்கியம். ஆற்று மீனைச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, பார்க்கும் இடங்களை அதற்குத் தக்கபடி வையுங்கள். மாற்றிச் செய்தால் அருவியையும் பார்த்திருப்பீர்கள், கோட்டையும் ஏறியிருப்பீர்கள், ஆனால் ஆறிப்போன சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருப்பீர்கள்.

இரண்டு நாளில் இரண்டு மாவட்டத்தையும் பார்த்துவிட முடியுமா?

முழுவதையும் முடியாது. ஒகேனக்கல், தருமபுரி நகரம், அதியமான்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, அணை, இந்த ஐந்தும் ஓட்டமில்லாமல் முடியும். ஓசூரையும் தளியையும் இதோடு சேர்த்தால் இரண்டு நாளும் காரிலேயே போய்விடும். தீர்த்தமலையும் சித்தேரி மலையும் அரூர் பக்கம் இருப்பவை. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

நாங்கள் சொல்லும் வரிசை இதுதான்: முதல் நாள் காலையில் ஒகேனக்கல், மாலையில் அதியமான்கோட்டை, இரவு தருமபுரியில் தங்கல். மறுநாள் விடிந்ததும் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிக் கோட்டை ஏறி இறங்கி, மத்தியானம் பிரியாணி, மாலையில் அணை. தருமபுரி கோட்டைக் கோயிலை முதல் நாள் இரவு நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம்.

எப்படி வருவது? ரயில் உண்டா?

தருமபுரிக்கு உண்டு. பெங்களூரு – ஓசூர் – சேலம் பாதையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையமே கிடையாது. மாவட்டத் தலைநகர்தானே என்று நம்பிப் பலர் டிக்கெட் தேடி ஏமாறுகிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

சாலைவழி வருவது எளிது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும் சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில்தான் சேர்கின்றன. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 250-க்குச் சற்று மேல். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே 45 முதல் 50 கிலோமீட்டர். சுங்கச்சாவடியில் கூட்டம் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் போதும்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

என்ன சாப்பிட ஆசையோ அதைப் பொறுத்தது. மாம்பழம் என்றால் மே, ஜூன். அருவி நிறைவாகவும் பரிசல் ஓடும் நிலையிலும் இருக்க வேண்டுமென்றால் அக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை வாருங்கள். பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு டிசம்பர், ஜனவரி. ஜூலை, ஆகஸ்டில் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் ஒகேனக்கல் வெள்ளக்காடாகிவிடும். அந்தக் காட்சி பிரமாதமாக இருக்கும், ஆனால் குளிக்கவும் விடமாட்டார்கள், பரிசலும் ஏற முடியாது. ஏப்ரலில் பாறை கொதிக்கும், அருவி மெலிந்துவிடும்.

பரிசல் ஓடுகிறதா என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வது எப்படி?

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் பிலிகுண்டுலு என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்திய நீர்வள ஆணையம் வரத்தை அளக்கிறது. 'ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி' என்று செய்தியில் வருகிறதே, அது அந்தக் கணக்கை ஒட்டியதுதான். கிளம்பும் முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் இரண்டு முறை பாருங்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். மாலைக்கும் காலைக்கும் இடையே இரட்டிப்பாகியிருந்தால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் தடை வந்துவிடும். தடை போடுவதும் எடுப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. லாட்ஜ்காரரோ டீக்கடைக்காரரோ 'ஓடும் சார்' என்று சொன்னால் அதை உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தடை இருக்கும் நாளில் ஒகேனக்கலை விட்டுவிடவே வேண்டாம். தொங்குபாலத்திலிருந்து மெயின் அருவியைப் பார்க்கலாம், முதலைப் பண்ணை இருக்கிறது, மீன் சாப்பாடும் தடையில்லை. 'புகையும் கல்' என்ற பொருள்பட அந்த ஊருக்குக் கன்னடத்தில் ஏன் பெயர் வந்தது என்பதும் அன்றைக்குத்தான் நன்றாகப் புரியும். நீர்ப்புகை பாறைக்கு மேலே ஆள் உயரத்துக்கும் அதிகமாக எழும்பி நிற்கும்.

ஒகேனக்கலில் மீனை நாமே வாங்கிச் சமைக்கக் கொடுக்கலாமாமே, அதை எப்படிச் செய்வது?

இங்கே வரும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய காரியம் இது. தயாராக வறுத்து அடுக்கி வைத்திருக்கும் மீனை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு 'ஒகேனக்கல் மீன் ஒன்றும் பெரிதில்லை' என்று போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். ஏழரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு அங்கே இருக்கலாம். நேராக அருவிக்குப் போகாதீர்கள். முதலில் மீன் கடைக்குப் போங்கள். கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி, வாளை, கெளுத்தி என்று போட்டிருப்பார்கள். எல்லாமே அருவிக்கடியில் பிடித்தது என்று நினைக்க வேண்டாம். மேட்டூர் நீர்த்தேக்கத்து மீனும் வரும், வளர்ப்பு மீனும் வரும். எங்கே பிடித்தது என்று விசாரிப்பதைவிட, எப்போது பிடித்தது என்று பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறி வழவழவென்று இருந்தால் நேற்றைய மீன். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். முதுகில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி உடனே மேலே வர வேண்டும். ஐஸில் கிடந்த மீனைக் கழுவி மேலே வைத்திருந்தால் வயிறு தொளதொளவென்று இருக்கும்.

அளவு: ஒரு கிலோ முழு மீன் சுத்தம் செய்த பிறகு 650 முதல் 700 கிராம் நிற்கும். கட்லாவுக்குத் தலை பெரிது, இன்னும் குறையும். நான்கு பேருக்கு வறுவலும் குழம்புமாக 2 கிலோ சரியாக இருக்கும். குழந்தைகள் இருந்தால் ஜிலேபி வாங்குங்கள், முள் குறைவு. கெண்டை வகை மீன்களில் வால் பக்கச் சதைக்குள் கவட்டை முள் மெல்லிசாகப் பொதிந்திருக்கும். வயிற்றுப் பக்கத்தில் விலா முள் மட்டும்தான். ஆகையால் வயிற்றுத் துண்டுகளை வறுவலுக்கும், தலையையும் வாலையும் குழம்புக்கும் பிரித்து வெட்டச் சொல்லுங்கள். வறுவல் துண்டு அரை விரல் கனம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும்.

அடுத்து, சமைத்துக் கொடுக்கும் அக்காமார்களிடம் போங்கள். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். மீனைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: "அக்கா, எண்ணெய், மசாலா, சாதம் எல்லாம் சேர்த்தா, தனியா?" பின்னால் வரும் மனக்கசப்பு முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவதுதான். கூடவே மூன்று விஷயம் சொல்லுங்கள். கலர் பொடி வேண்டாம். புது எண்ணெய் ஊற்ற வேண்டும், சட்டியில் கறுத்த எண்ணெய் கிடந்தால் அதை மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள். மூன்றாவது எல்லாவற்றையும்விட முக்கியம்: "மசாலா தடவி வைங்க, குழம்பை இறக்கி வைங்க, வறுவலை மட்டும் நாங்க வந்த பிறகு எண்ணெயில போடுங்க."

மசாலா ஊற அரை மணி வேண்டும். குழம்பு கொதித்து இறங்க முக்கால் மணி. இறக்கிய குழம்பு ஒரு மணி நேரம் கிடந்தால்தான் புளியும் காரமும் மீனில் சேரும். ஆக மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பரிசலும் குளியலும் முடித்து நீங்கள் திரும்பி வர ஆகும் நேரமும் அதேதான்.

வந்ததும் பக்கத்திலேயே நின்று பாருங்கள். துண்டைப் போட்டவுடன் சுற்றிலும் பொரிந்து நுரைக்க வேண்டும். எண்ணெய் காயாமல் போட்டால் மீன் எண்ணெயைக் குடித்து, கல்லில் ஒட்டி, திருப்பும்போது தோல் உரியும். மசாலாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் மசாலா மட்டும் எண்ணெயில் கரைந்து அடியில் கருகும், மீன் வெளுத்துப் போகும். இதைத் தடுக்கத்தான் ஒரு பிடி அரிசி மாவு சேர்க்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடம் தொடாமல் விட்டுத் திருப்பினால் உடையாது. வாழை இலையில் சூடாக வைத்து எலுமிச்சை பிழிந்து அங்கேயே சாப்பிடுங்கள். பார்சல் கட்டினால் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும்.

பரிசலில் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டிக்கெட்டைக் கவுண்டரில் வாங்குங்கள். கட்டணம் அங்கே எழுதியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசலுக்கு நான்கு பேர் கணக்கு. மூங்கில் பின்னிய வட்டக்கூடை அது, அடியில் தார்ப்பாய் போட்டிருக்கும். முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, ஒரு பக்கம் பாரம் ஏறினால் அந்தப் பக்கமாகச் சுழலும். எடை சமமாக இருக்கும்படி எதிரெதிரே உட்காருங்கள். போட்டோவுக்காக எழுந்து நிற்பது, எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது, இந்த இரண்டும்தான் ஆபத்து. லைஃப் ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, கீழ்ப் பட்டையைக் கட்டாயம் பூட்ட வேண்டும். பூட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்தவுடன் தலைவழியே கழன்று போய்விடும்.

சில பாதைகளில் நடுவே இறக்கிவிட்டு, பாறை மேல் நடந்து அடுத்த பக்கம் ஏறச் சொல்வார்கள். பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். பாறை வெயிலில் சுடும், ஈரமான இடத்தில் பாசி வழுக்கும். வாரோடு கூடிய ரப்பர் செருப்பு நல்லது. போனை ஜிப் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். எந்தப் பாதையில், எத்தனை நேரம் என்பதைக் கரையிலேயே பேசிவிட வேண்டும். நடு ஆற்றில் பேரம் பேசும் நிலைக்கு விடாதீர்கள்.

அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். ஓரத்தில் முழங்கால் அளவு இருக்கும் தண்ணீர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழமாகும். பாறை அப்படிக் குடைந்துகொண்டு போயிருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

எண்ணெய் மசாஜ்?

செய்துகொள்ளலாம். குளிப்பதற்கு முன்பு, வெறும் வயிற்றில். கூலியையும் நேரத்தையும் முதலில் பேசுங்கள். கழுத்தைச் சொடக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து வலி, முதுகுத் தண்டுப் பிரச்சினை இருப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது.

ராகி களி எங்கே நன்றாக இருக்கும்? பழக்கமில்லாதவர்கள் சாப்பிட முடியுமா?

முடியும், மென்று தின்ன நினைக்காமல் இருந்தால். களியை மென்றால் பல்லிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு வெறுத்துவிடும். நெல்லிக்காய் அளவு கிள்ளி, விரலால் நடுவே குழி செய்து, சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். முதல் தடவை ஆரஞ்சுப் பழ அளவு ஒரு உருண்டை போதும். அரை மணி கழித்துத்தான் வயிறு நிறைந்தது தெரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கேழ்வரகு விளையும் மண். களி இங்கே அன்றாடச் சாப்பாடு. ஓசூர் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் முத்தே என்றும், தெலுங்கு பேசும் வீடுகளில் சங்கட்டி என்றும் சொல்வார்கள். பொருள் ஒன்றுதான். நட்சத்திர ஹோட்டலில் தேடாதீர்கள். பேருந்து நிலையம், சந்தை, நீதிமன்றம், இவற்றின் அருகே இருக்கும் சிறு மெஸ்களில், வாசலில் 'களி – நாட்டுக்கோழிக் குழம்பு' என்று பலகை தொங்கும். பன்னிரண்டரைக்குப் போங்கள். களி சூடாக இருக்கும்போதுதான் குழைவாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் மேல்தோல் இறுகிய உருண்டைதான் கிடைக்கும். நல்ல களிக்கு ஒரு சோதனை உண்டு. ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவுத் திட்டு இருக்கக் கூடாது. திட்டு இருந்தால் மாவை வேகவிடாமல் அவசரமாகக் கிளறிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பக்குவம் கேட்பவர்களுக்கு: ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். தண்ணீரில் ஒரு பிடி நொய்யரிசியும் உப்பும் போட்டு முதலில் நன்றாக வேகவிடுவார்கள். கொதிக்கும் கஞ்சியின் நடுவே மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல், கோலால் நடுவில் ஒரு துளை மட்டும் போட்டு மூடிவிட வேண்டும். சிறு தீயில் பத்து நிமிடம். துளை வழியாகக் கஞ்சி மேலே பொங்கி மாவு உள்ளுக்குள்ளேயே வேகும். பிறகுதான் இறக்கி வைத்து, பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும். கொட்டியவுடன் கிளறினால் மாவு கட்டி கட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் உடையாது.

தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கீரை கடைசல், கொள்ளுச் சாறு. குழம்பு கெட்டியாக இருந்தால் களிக்கு ஒத்துவராது, வழிந்தோட வேண்டும். நாட்டுக்கோழி என்று சொல்லி மெத்தென்ற கறியாகக் கொடுத்தால் அது பிராய்லர். நாட்டுக்கோழி எலும்பு கெட்டியாக இருக்கும், கறி நார் நாராக வரும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு?

குளிர்காலத்தில் வந்தால் உங்களுக்குத்தான் யோகம். பச்சை அவரைக்கொட்டையை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக விரலிடுக்கில் பிடித்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தட்டில் விழும். அந்தப் பிதுக்கம்பருப்பைத் தேங்காய், கசகசா அரைத்துவிட்டுக் குழம்பு வைப்பார்கள். வெண்ணெய் போலக் கரையும். ஒரு குடும்பத்துக்குக் குழம்பு வைக்க ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பிதுக்க வேண்டியிருக்கும். அதனால் ஹோட்டல்களில் அபூர்வம். சந்தைகளில் பிதுக்கிய பருப்பையே படிக்கணக்கில் விற்பார்கள், வாங்கிப் போய் வீட்டில் வைக்கலாம். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், மறுநாள் புளித்த வாடை வந்துவிடும்.

மற்ற மாதங்களில் கீரை கடைசலோடு களி, சாமைச் சோறு கேளுங்கள். கீரை கடைசலில் கருவாடு சேர்ப்பது சில இடங்களில் வழக்கம் என்பதால் முன்பே விசாரித்துவிடுங்கள்.

தருமபுரி நகரில் அரை நாளில் என்ன பார்க்கலாம்?

சங்க காலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். கோட்டைப் பகுதியில் மல்லிகார்ச்சுனர், காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. மண்டபத்தில் தொங்குதூணைப் பாருங்கள். தூணின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து மறுபக்கம் இழுக்கலாம். அம்மன் சன்னதியைச் சுற்றும்போது தலை நிமிர்ந்தே போகாமல் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் உருவங்கள் துலக்கமாகத் தெரியும்.

அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. மாடு மீட்கப் போய் மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள். வாளும் வில்லும் ஏந்திய வீரனையும், உடம்பில் தைத்த அம்பையும் கல்லில் காணலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

அதியமான்கோட்டை நகரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், சேலம் போகும் வழியில். காலபைரவர் கோயிலுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். வேண்டுதல் இல்லாதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். அதே ஊரில் இருக்கும் சென்றாயப் பெருமாள் கோயிலைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அதன் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. கையில் ஃபிளாஷ் இருந்தாலும் அடிக்காதீர்கள், வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் இத்தகைய சாயங்கள் மங்குகின்றன. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் நின்றால் போதும், தானாகவே தெரியும்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஏறுவது கடினமா?

நடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி. சையத் பாஷா மலை என்று கேட்டால் வழி சொல்வார்கள். காலை ஆறரைக்குள் ஏறத் தொடங்க வேண்டும். முழுப் பாறை மலை, நிழல் கிடையாது. எட்டரைக்கு மேல் கல்லே அனல் வீசும். மேலே தண்ணீர் விற்கமாட்டார்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துப் போங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் பறித்துவிடும். மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம்.

பாரமகால் (பன்னிரண்டு கோட்டை) என்று இந்தச் சீமைக்குப் பெயர் வரக் காரணமான கோட்டைகளில் முதன்மையானது இது. 1791-இல் திப்புவோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில்தான் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, மேலிருந்து கல் உருண்டு வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரியாணிக்கு எந்தக் கடை?

கடைப் பெயர் சொல்வதில்லை. சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும். அடையாளம் சொல்கிறோம். கிருஷ்ணகிரியில் வாணியம்பாடி, ஆம்பூர் பக்குவம்தான்: சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் ஊறவைத்து அரைத்த விழுது, பட்டை கிராம்பு அடக்கமாக. கூடவே கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் வரும். சால்னா ஊற்றிக்கொடுத்தால் அது வேறு பக்குவம்.

கடைக்குள் நுழைந்ததும், "அண்ணா, தம் எப்ப உடைப்பீங்க?" என்று கேளுங்கள். பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே முதல் தம் திறப்பார்கள். அதன் பின் அரை மணிக்குள் சாப்பிட்டால் அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாகவும் ஈரம் குறையாமலும் இருக்கும். சீரகச் சம்பா சிறிய அரிசி, சூட்டிலேயே கிடந்தால் குழைந்துவிடும். தட்டில் அடியில் எண்ணெய் தேங்கினாலும், அரிசி மஞ்சள் கலரில் ஒரே மாதிரி இருந்தாலும் அடுத்த முறை கடையை மாற்றுங்கள். ஓசூரில் தொன்னையில் தரும் பிரியாணி பெங்களூர் வகை: புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் தூக்கலாக இருக்கும்.

ஏசி அறையில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வசதி உண்டா?

ஓசூரில் நிறைய. தொழிற்சாலைகள் உள்ள ஊர் என்பதால் வட இந்திய, சீன, கண்டினென்டல் உணவு எல்லாம் தரும் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. சனி இரவு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் புறவழிச்சாலை ஓரத்தில் குடும்பத்தோடு உட்காரத் தகுந்த உணவகங்கள் உண்டு, கழிப்பறை சுத்தமாக இருக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் பன்னீர் பட்டர் மசாலா எந்த ஊரிலும் கிடைப்பதுதான். ஒரு வேளை மட்டும் அங்கே சாப்பிட்டு, மற்ற வேளைகளைக் களிக்கும் மீனுக்கும் வையுங்கள்.

அணையைப் பார்க்க எது நல்ல நேரம்?

மாலை நான்கரை. தென்பெண்ணையின் குறுக்கே, கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் பக்கம் ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. பூங்காவில் பிள்ளைகள் ஓடியாடலாம். வெளியே வறுத்த மீன் கடைகள் வரிசையாக இருக்கும். ஒகேனக்கலுக்குச் சொன்ன அதே விதிதான் இங்கேயும்: அடுக்கி வைத்ததை வாங்காமல், மசாலா தடவிய பச்சை மீனைக் காட்டி உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். படகு ஆசை இருந்தால் நெடுஞ்சாலையோரம் அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது.

மாம்பழம் எப்படிப் பார்த்து வாங்குவது?

சாலையோரம் குவித்து விற்பதில் பாதிக்கு மேல் பெங்களூரா, கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். கூழ் தொழிற்சாலைக்குப் போகும் ரகம் அது. உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட அருமை, பழமாகச் சாப்பிட இரண்டாம் பட்சம். பழத்துக்கு அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரா, மல்கோவா, இமாம்பசந்த் கேளுங்கள். பருவக் கடைசியில் நீலம்.

காம்பருகே முகர்ந்தால் மணம் வர வேண்டும். ஒரே சீரான மஞ்சள், தொட்டால் கெட்டி, மணமே இல்லை என்றால் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தது. வெட்டினால் மேலே மஞ்சளும் கொட்டையருகே வெளுப்பும் புளிப்புமாக இருக்கும். ஊருக்குக் கொண்டுபோகப் பழுத்ததை வாங்காதீர்கள். காம்பு ஒரு விரற்கடை விட்டு அறுத்த, தோள் நன்றாகத் திரண்ட செங்காயாக வாங்குங்கள். காம்பு ஒட்ட அறுத்தால் பால் வழிந்து தோல் கருகி, அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, காம்பு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும்.

வேறென்ன வாங்கிப் போகலாம்?

காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டும் பால்கோவாவும். நிப்பட்டு என்பது நிலக்கடலை சேர்த்த தட்டை. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். பால்கோவாவை அன்றைக்குக் கிளறியதாகக் கேட்டு வாங்கி இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். புளி, ராகி, சாமை ஆகியவற்றுக்குச் சந்தைதான். ஞாயிற்றுக்கிழமை கூடும் போச்சம்பள்ளிச் சந்தை இந்தப் பக்கத்தில் பெரியது, காலை பத்துக்குள் போனால்தான் நல்ல சரக்கு. புதுப் புளி சிவந்து பிசுபிசுப்பாக இருக்கும், பழம்புளி கறுத்திருக்கும். குழம்புக்குப் பழசு, ரசத்துக்குப் புதுசு.

குடிநீர்?

இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இரண்டு நாளில் எதுவும் ஆகிவிடாது. இருந்தாலும் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து, ஒகேனக்கல் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் வழியில் கவனிக்க வேண்டியது?

சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தை இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வரும் லாரிகளுக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்த்தான் அங்கே பல விபத்துகள் நடந்திருக்கின்றன. நீங்களும் நியூட்ரலில் விடாமல் குறைந்த கியரில் இறங்குங்கள், லாரிக்கு முன்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

ஒகேனக்கலிலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்குக் குறுக்கு வழி உண்டு. அழகான காட்டுப்பாதை, காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிப் போகிறது. பகலில் மட்டும் போங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்காமல், தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். அது கடந்துபோன பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள், பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம்.